15 கினிக்கு விற்கப்பட்ட இசை: சாமுவேல் கோல்ரிட்ஜ்-டெய்லரின் வாழ்வு

குன்னூரில் மேலைச் செவ்வியல் இசை பயிலும் மாணவர்களின் நிகழ்ச்சி ஒன்றை அண்மையில் கேட்கச் சென்றிருந்தேன். பாக், மோட்சார்ட், பீத்தோவன், ஷோபன் என்று வழக்கமான வரிசையில் நிகழ்ச்சி நகர்ந்தது. ஒவ்வோர் இசையமைப்பாளரைப் பற்றியும் ஓரிரு வாக்கியங்களில் அறிமுகம் தரப்பட்டது. பிற்பகுதியில், தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடும்பத்திலிருந்து வந்த மாணவி ஒருவர் 'டீப் ரிவர்' என்னும் பாடலின் எளிமைப்படுத்தப்பட்ட பியானோ வடிவத்தை வாசித்தார். அதை அமைத்தவர் சாமுவேல் கோல்ரிட்ஜ்-டெய்லர் என்று அறிவித்தவர், அவரைப் புகழ்பெற்ற ஆங்கிலக் கவிஞர் என்றும் சொல்லி வைத்தார். அரங்கில் எவரும் மறுக்கவில்லை.

கவிஞரின் பெயர் சாமுவேல் டெய்லர் கோல்ரிட்ஜ். அவர் 1834இல் இறந்துவிட்டார். இந்த இசையை அமைத்தவர் அதற்கு 41 ஆண்டுகள் கழித்துப் பிறந்த ஒரு கறுப்பினத்தவர். ஆப்பிரிக்கத் தந்தைக்கும் ஆங்கிலேயத் தாய்க்கும் பிறந்து, லண்டனின் உயர்ந்த இசைக்கல்லூரியில் பயின்று, தன் காலத்தில் பேரரசெங்கும் பாடப்பட்ட ஒரு படைப்பைத் தந்து, 37 வயதில் போதிய பொருளின்றி மறைந்தவர். அவர் யார் என்று அந்த அரங்கில் சொல்லியிருக்க வேண்டும். வாசித்த மாணவிக்கேனும் சொல்லியிருக்க வேண்டும். மேடை ஏறுவது வேறு, மேடையில் ஒலிப்பதன் மீது உரிமை கொள்வது வேறு என்பதை அவருடைய வாழ்வைப்போலத் தெளிவாகக் காட்டும் வாழ்வுகள் குறைவு.

லாடம் அடித்தவரின் வீட்டில்

கோல்ரிட்ஜ்-டெய்லர் 1875 ஆகஸ்ட் 15 அன்று லண்டனில் ஹோல்பர்ன் பகுதியில் பிறந்தார். தந்தை டேனியல் பீட்டர் ஹியூஸ் டெய்லர், மேற்கு ஆப்பிரிக்காவின் சியரா லியோனிலிருந்து மருத்துவம் பயில வந்தவர். மகன் பிறக்கும் முன்பே அவர் ஆப்பிரிக்கா திரும்பிவிட்டார். தாய் ஆலிஸ் மார்ட்டினுக்கும் அவருக்கும் திருமணம் ஆகியிருக்கவில்லை. குழந்தை, லண்டனுக்குத் தெற்கே உள்ள குராய்டனில், குதிரைகளுக்கு லாடம் அடிக்கும் தொழில் செய்த பெஞ்சமின் ஹோல்மன்ஸ் என்ற தாத்தாவின் வீட்டில் வளர்ந்தது.

கடுமையான உடலுழைப்பு செய்த அந்தத் தாத்தாவுக்கு வயலின் வாசிக்கத் தெரியும். பேரனின் கையில் முதலில் வயலினைக் கொடுத்ததும், அடிப்படைகளைக் கற்பித்ததும் அவர்தான். பிறகு உள்ளூர் ஆசிரியர் ஒருவரிடம் பயிற்சி. தேவாலயப் பாடகர் குழுவில் இடம். பள்ளியில் அவருக்குக் கிடைத்தது நிறத்தைச் சொல்லும் கேலிப்பெயர். அவருடைய சுருள்முடியும் விளையாட்டுப் பொருளானது. நம் பள்ளிகளில் சாதியின் பெயரும் தந்தையின் தொழிலும் கேலிப்பெயராக ஒட்டப்படுவதை அறிந்தவர்களுக்கு இதை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை.

குராய்டன் பாடகர் குழுவின் வழியே அவரை அறிந்த கர்னல் ஹெர்பர்ட் வால்டர்ஸ் என்பவர், சிறுவனை லண்டனின் ராயல் இசைக்கல்லூரியில் சேர்க்க முயன்றார். கல்லூரித் தலைவர் ஜார்ஜ் குரோவ் சிறுவனின் திறமையை ஐயுறவில்லை. மற்ற மாணவர்கள் அவனுடைய நிறத்தை எப்படி எடுத்துக்கொள்வார்கள் என்றே தயங்கினார் என்று அவருடைய முதல் வாழ்க்கை வரலாறு பதிவு செய்கிறது. தயக்கம் நீங்கியது, 1890இல், 15 வயதில், வயலின் மாணவராக அவர் கல்லூரியில் நுழைந்தார்.

இந்தத் தயக்கத்தை நாம் கவனிக்க வேண்டும். எழுதப்பட்ட விதி எதுவும் அவரைத் தடுக்கவில்லை. பிறருடைய முகச்சுளிப்பை முன்கூட்டியே கணக்கிட்டு ஒரு நிறுவனம் கதவை மூட எண்ணிய தருணம் அது. சட்டத்தில் இல்லாத, ஆனால் நடைமுறையில் இருக்கும் விலக்கு எப்படிச் செயல்படுகிறது என்பதற்கு இதைவிடத் துல்லியமான சான்று தேவையில்லை. அந்தக் கதவைத் திறந்தது சட்டமும் அல்ல. செல்வாக்குள்ள ஒருவரின் பரிந்துரை. அத்தகைய பரிந்துரை கிடைக்காத எத்தனை பிள்ளைகள் வெளியே நின்றார்கள் என்பதற்குக் கணக்கு இல்லை.

மாணவர் மேடை

கல்லூரியில் அவருடைய திறமை வயலினைவிட இசையமைப்பில் மிகுதியாக வெளிப்பட்டது. 1893இல் அதற்கான உதவித்தொகையை வென்றார். அவருடைய ஆசிரியர் சார்ல்ஸ் வில்லியர்ஸ் ஸ்டான்ஃபோர்டு, அக்கால ஆங்கில இசைக் கல்வியின் முதன்மையான பெயர்களுள் ஒருவர். கஸ்டவ் ஹோல்ஸ்ட், ரால்ஃப் வாகன் வில்லியம்ஸ் போன்று பின்னாளில் பெரும்புகழ் பெற்றவர்கள் உடன் பயின்றார்கள். ஒருமுறை சக மாணவன் நிறத்தைச் சுட்டி அவரை இழிவுபடுத்தியதைக் கேட்ட ஸ்டான்ஃபோர்டு, இழிவுபடுத்தியவனைவிட அவரிடம் இசை பன்மடங்கு மிகுதி என்று சொல்லித் தேற்றினார்.

பிராம்ஸ் கிளாரினெட் ஐவரிசை எழுதிய பிறகு, அவருடைய சாயலின்றி இன்னொருவர் அவ்வடிவத்தில் எழுத இயலாது என்று ஸ்டான்ஃபோர்டு வகுப்பில் கருத்துரைத்தார். 1895இல் கோல்ரிட்ஜ்-டெய்லர் தன்னுடைய கிளாரினெட் ஐவரிசையை எழுதி முன்வைத்தார். ஆசிரியர் தன் கூற்றைத் திரும்பப் பெற்றுக்கொண்டதோடு, அப்படைப்பைப் பெர்லினுக்கு எடுத்துச் சென்று, பிராம்ஸின் நெருங்கிய நண்பரான வயலின் மேதை யோவாகிமின் பார்வைக்கும் வைத்தார். அவருடைய தொடக்ககாலப் படைப்புகள் பலவும் இவ்வாறு கல்லூரியின் மாணவர் நிகழ்ச்சிகளில்தான் முதலில் ஒலித்தன. இன்று உலகின் அறையிசைக் குழுக்கள் மீண்டும் எடுத்து வாசிக்கும் அந்த ஐவரிசை, 20 வயது மாணவர் ஒருவரின் வகுப்புப் பயிற்சி.

கல்லூரியை விட்டு வெளியேறிய மறுஆண்டு, 1898, அவருடைய வாழ்வின் திருப்பம். எட்வர்டு எல்கர் தனக்கு வந்த அழைப்பொன்றை ஏற்க இயலாத நிலையில், இளையவரான கோல்ரிட்ஜ்-டெய்லரைப் பரிந்துரைத்தார். அதன்படி குளோஸ்டர் இசைவிழாவுக்காக எழுதிய 'பாலட்' பெரும் வரவேற்பைப் பெற்றது. அதே ஆண்டு நவம்பர் 11 அன்று, ராயல் இசைக்கல்லூரியில், ஸ்டான்ஃபோர்டின் தலைமையில், 'ஹியாவதாவின் திருமண விருந்து' என்ற சேர்ந்திசைப் படைப்பு முதன்முதலாக நிகழ்த்தப்பட்டது. அமெரிக்கக் கவிஞர் லாங்ஃபெலோ 1855இல் வெளியிட்ட நெடுங்கவிதையின் ஒரு பகுதிக்கு அமைத்த இசை அது. நோயுற்றிருந்த ஆர்தர் சல்லிவன் அதைக் கேட்பதற்காகவே வந்து அமர்ந்தார். 23 வயது இளைஞரின் பெயர் சில வாரங்களில் இங்கிலாந்தெங்கும் பரவியது.

நமக்கு அண்மையான ஒரு நிகழ்வும் இதே ஆண்டில் உண்டு. நீலகிரியில் இளமையைக் கழித்து, 1870களில் இங்கு அத்வைதானந்த சபையை நிறுவிய அயோத்திதாசர், 1898இல் ஆல்காட்டுடன் இலங்கை சென்று பௌத்தம் தழுவித் திரும்பினார். ஒருவரை ஒருவர் அறியாத இவ்விருவரும் ஒரே பேரரசின் குடிமக்கள். ஒருவர் தன் மக்களின் வரலாற்றைப் பழைய நூல்களிலிருந்து மீட்க முனைந்தார். மற்றவர், அடிமைப்படுத்தப்பட்ட மக்களின் பாடல்களைச் செவ்வியல் மேடைக்குக் கொண்டுவர முனைந்தார்.

தன் மக்களைக் கண்டடைதல்

தந்தையின் நாட்டை ஒருபோதும் கண்டிராத கோல்ரிட்ஜ்-டெய்லர், தன் அடையாளத்தை வாசிப்பின் வழியும் நட்பின் வழியும் அடைந்தார். லண்டன் வந்த அமெரிக்கக் கறுப்பினக் கவிஞர் பால் லாரன்ஸ் டன்பாருடன் இணைந்து நிகழ்ச்சிகள் நடத்தினார். அவருடைய கவிதைகளுக்கு இசை அமைத்தார். ஃபிஸ்க் ஜூபிலி பாடகர்கள் என்ற குழுவின் தலைவர் ஃபிரெடரிக் லவுடின் வழியே, அமெரிக்க அடிமைகளின் பக்திப் பாடல்களை அவர் அறிந்தார். விடுதலை பெற்ற அடிமைகளுக்காகத் தொடங்கிய ஒரு கல்வி நிறுவனத்துக்கு நிதி திரட்ட 1871இல் உருவான குழு அது. லவுடின் தலைமையில் உலகைச் சுற்றிய பாடகர்கள் 1880களின் இறுதியில் இந்தியாவுக்கும் வந்து பாடிச் சென்றார்கள். அமெரிக்காவில் அடிமை முறையை ஒழித்தவர்களுக்கு ஜோதிராவ் புலே தன் 'குலாம்கிரி' நூலைக் காணிக்கையாக்கியது 1873இல் என்பதையும் இங்கு நினைவில் கொள்ளலாம்.

1900இல் லண்டனில் நடைபெற்ற முதல் பான்-ஆப்பிரிக்க மாநாட்டில் கோல்ரிட்ஜ்-டெய்லர் பங்கேற்றார். அங்கு அவர் சந்தித்தவர்களுள் டபிள்யூ.இ.பி. டுபாய்ஸ் ஒருவர். 1920இல் வெளியான 'டார்க்வாட்டர்' நூலில் டுபாய்ஸ் இவருக்கென ஒரு கட்டுரையை ஒதுக்கினார். திறமை மிக்க கறுப்பினக் குழந்தைகளுக்குக் கல்வி மறுக்கப்படுவதால் உலகம் இழப்பது என்ன என்பதே அதன் கேள்வி. அதே டுபாய்ஸுக்குத்தான் 1946இல் அண்ணல் அம்பேத்கர் கடிதம் எழுதி, ஐக்கிய நாடுகள் அவைக்கு அமெரிக்கக் கறுப்பின மக்கள் அளிக்கவிருந்த மனுவின் படிகளைக் கேட்டார்.

அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் கறுப்பினப் பாடகர்கள் 1901இல் இவருடைய பெயரிலேயே ஒரு சேர்ந்திசைச் சங்கம் அமைத்தார்கள். அவர்களுடைய அழைப்பை ஏற்று 1904இல் அங்கு சென்று தன் படைப்புகளை நடத்தினார். அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் வெள்ளை மாளிகையில் அவரை வரவேற்றார். 1906, 1910 ஆகிய ஆண்டுகளிலும் அமெரிக்கா சென்றார். ஒரு கறுப்பினத்தவர் எழுதிய பெரும் செவ்வியல் படைப்பை, கறுப்பினப் பாடகர்கள், அவருடைய தலைமையிலேயே பாடினார்கள் என்பது அன்றைய அமெரிக்காவில் அரசியல் செயல்பாடு.

1905இல் வெளியான '24 நீக்ரோ இசைப்பாடல்கள்' என்ற பியானோ தொகுப்பு இந்தப் பயணத்தின் விளைவு. ஆப்பிரிக்காவிலிருந்தும் அமெரிக்க அடிமைத் தோட்டங்களிலிருந்தும் வந்த மெட்டுகளை எடுத்து, செவ்வியல் பியானோவுக்கு விரித்தமைத்தார். பிராம்ஸ் ஹங்கேரியின் நாட்டார் இசைக்கும், டிவோர்ஷாக் பொஹீமியாவின் இசைக்கும் செய்ததைத் தன் மக்களின் இசைக்குத் தான் செய்ய விழைவதாக அவர் விளக்கினார். முன்னுரை வழங்கியவர் புக்கர் டி. வாஷிங்டன். குன்னூரில் அந்த மாணவி வாசித்த 'டீப் ரிவர்' இத்தொகுப்பில் உள்ளது. பருத்தித் தோட்டங்களில் கட்டாய உழைப்புக்கு ஆளானவர்களின் பாடல், தேயிலைத் தோட்டத்தில் உழைப்பவர்களின் மகளின் விரல்களுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. அதை அவரும் அறியவில்லை, அவையும் அறியவில்லை.

விலைச்சீட்டு

இனி, ஒரு வழக்குரைஞராக என்னைத் தொந்தரவு செய்யும் பகுதி.

'ஹியாவதாவின் திருமண விருந்து' படைப்பின் உரிமையை கோல்ரிட்ஜ்-டெய்லர் நோவெல்லோ பதிப்பகத்துக்கு 15 கினிக்கு முழுமையாக விற்றிருந்தார். 15 பவுண்டு 15 ஷில்லிங். அதன் தொடர்ச்சியாக எழுதிய இரண்டு பகுதிகளுக்குக் கூடுதல் தொகை கிடைத்தது. முதல் பகுதியின் அச்சுப் படிகள் இலட்சக்கணக்கில் விற்றன. பேரரசின் நகரங்கள்தோறும் சேர்ந்திசைக் குழுக்கள் அதைப் பாடின. விற்பனை ஏறிய அளவுக்கு அவருடைய வருமானம் ஏறவில்லை. விற்றது விற்றதுதான்.

ஆகவே அவர் ஓயாமல் உழைத்தார். குராய்டன் இசைப்பள்ளியில் மாணவர் குழுவை நடத்தினார். 1903 முதல் டிரினிட்டி இசைக்கல்லூரியில் கற்பித்தார். நீலகிரிப் பள்ளிகளில் இசை பயிலும் பிள்ளைகள் எழுதும் தரநிலைத் தேர்வுகள் அந்நிறுவனத்தின் பெயரிலேயே நடைபெறுகின்றன. 1910இல் கில்டுஹால் இசைப்பள்ளியிலும் பொறுப்பேற்றார். போட்டிகளுக்கு நடுவராக ஊர் ஊராக ரயிலில் சென்றார். நாடகங்களுக்கு இசை எழுதினார். உடன் பயின்ற ஜெஸ்ஸி வால்மிஸ்லியை, அவர் வீட்டாரின் இனவெறி எதிர்ப்பை மீறி, 1899இல் மணந்திருந்தார், இரண்டு குழந்தைகள். மனைவியுடன் தெருவில் நடந்தால் இளைஞர் கூட்டத்தின் வசைகள் தொடர்ந்தன. இறப்பதற்குச் சில மாதங்களுக்கு முன்பும், கறுப்பின மக்களைத் தாழ்த்திப் பேசியவர்களுக்கு உள்ளூர்ச் செய்தித்தாளில் மறுப்பு எழுதினார்.

1912 ஆகஸ்ட் 28 அன்று மேற்கு குராய்டன் ரயில் நிலையத்தில் மயங்கி விழுந்தார். செப்டம்பர் 1 அன்று நிமோனியாவால் உயிர் பிரிந்தது. மிகை உழைப்பால் உடல் தளர்ந்திருந்தது என்பது உடனிருந்தோரின் கருத்து. குடும்பத்தின் நிலை கருதி அரசர் ஐந்தாம் ஜார்ஜ் ஆண்டுக்கு 100 பவுண்டு உதவித்தொகை வழங்கினார். நண்பர்கள் நினைவு நிகழ்ச்சி நடத்தி நிதி திரட்டினார்கள். உரிமையாக வந்திருக்க வேண்டிய பணம் கருணையாக வந்தது. உரிமைக்கும் கருணைக்கும் உள்ள வேறுபாட்டைத் தலித் மக்களுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை.

அவர் இறப்பதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்புதான், 1912 ஜூலை 1 அன்று, பிரிட்டனின் 1911ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. படைப்பாளி தன் உரிமையை விற்றிருந்தாலும், அவர் இறந்து 25 ஆண்டுகள் கழித்து அது வாரிசுகளுக்குத் திரும்பும் என்ற பாதுகாப்பு அதில் இருந்தது. ஆனால் அச்சட்டம் நிறைவேறிய பின் செய்யப்பட்ட விற்பனைகளுக்கே அது பொருந்தியது. 1898இன் விற்பனையை எட்டவில்லை. 1914இல் பிரிட்டனில் இசையமைப்பாளர்களுக்கான நிகழ்த்துரிமைச் சங்கம் உருவானது. பொது நிகழ்ச்சிகளுக்கும் படைப்பாளிக்குப் பங்கு வேண்டும் என்று வாதிட்டவர்கள் சுட்டிக்காட்டிய அநீதிகளுள் இவருடைய கதையும் ஒன்று. 1924 முதல் 1939 வரை, ஏறத்தாழ ஒவ்வோர் ஆண்டும், லண்டன் ராயல் ஆல்பர்ட் அரங்கில் நூற்றுக்கணக்கானோர் வேடமிட்டு 'ஹியாவதா' நிகழ்த்தப்பட்டது. இசையமைப்பாளரோ கல்லறையில் இருந்தார்.

அந்த 15 கினி ஒப்பந்தத்தில் சட்டப்படி குறை காண முடியாது. இரு தரப்பும் கையெழுத்திட்டன. ஏமாற்று இல்லை, மிரட்டல் இல்லை. ஆனால் ஒரு தரப்பில் பெரும் பதிப்பகம், மறுதரப்பில் வருமானமற்ற இளைஞர். வாழ்வாதாரமற்றவர் செய்துகொள்ளும் ஒப்பந்தம் எவ்வளவு சுதந்திரமானது என்ற கேள்வியை அண்ணல் அம்பேத்கர் 1947இல் 'மாநிலங்களும் சிறுபான்மையினரும்' என்ற ஆவணத்தில் எழுப்பினார். ஏற்றத்தாழ்வைக் கண்டுகொள்ளாத ஒப்பந்தச் சுதந்திரம், வலியவரின் ஆட்சியாகவே முடியும் என்பது அவருடைய முடிவு. கொழுந்து பறித்து எடை போட்டுக் கொடுப்பவருக்குக் குன்னூர் ஏல மையத்தில் அந்தத் தேயிலை என்ன விலைக்குப் போகிறது என்பதில் பங்கில்லை. பறித்த கையோடு அவருடைய கணக்கு முடிந்துவிடுகிறது. இசைக்கும் அதே கணக்கு எழுதப்பட்டிருந்தது.

நம் சட்டமும் நம் மலையும்

இந்தியாவின் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் கீழும் இது நீண்டகாலம் தொடர்ந்தது. திரைப்படத்துக்கு இசையமைத்தவரின் உரிமை, மாற்று ஒப்பந்தம் இல்லையெனில், தயாரிப்பாளருக்கே சேரும் என்று உச்ச நீதிமன்றம் 1977இல் தீர்ப்பளித்தது. நாடாளுமன்றத்தில் ஜாவேத் அக்தர் உள்ளிட்டோர் முன்னெடுத்த முயற்சியின் பயனாக, 2012இல் சட்டம் திருத்தப்பட்டது. திரைப்படத்திலும் ஒலிப்பதிவிலும் இடம்பெறும் பாடல், இசை ஆகியவற்றின் படைப்பாளி, தன் ராயல்டிப் பங்கை விட்டுக்கொடுப்பதாகக் கையெழுத்திட்டாலும் அது செல்லாது. 15 கினி ஒப்பந்தத்துக்கு நம் சட்டம் தந்த தாமதமான விடை அது.

ஆயினும் அந்த விடை, பெயரறியப்பட்ட படைப்பாளிக்கு மட்டுமே. நீலகிரியின் ஏழு ஊர்களில் வாழும் கோத்தர்கள் இம்மலையின் மூத்த இசைக்கலைஞர்கள். அவர்களுடைய குழலும், வளைந்த கொம்பும், தோற்கருவிகளும் நெடுங்காலம் பிற சமூகங்களின் இறப்புச் சடங்குகளிலும் ஒலித்தன. அந்த ஊழியத்தோடு தாழ்நிலையும் ஒட்டப்பட்டதால், அவர்களிலேயே சீர்திருத்தம் நாடியோர் கடந்த நூற்றாண்டில் அதைத் துறக்க முனைந்தனர். சமவெளியில் பறையடிக்க மறுத்த தலித் மக்களின் போராட்டத்தோடு உறவுள்ளது இது. தலைமுறைகளாகக் கைமாறி வந்த அந்த மெட்டுகளுக்குத் தனியொரு ஆசிரியர் இல்லை என்பதால், பதிப்புரிமைச் சட்டம் அவற்றை எவருடையதாகவும் காண்பதில்லை. வாசிப்பவருக்கு நிகழ்த்துநர் உரிமை உண்டு. சட்டத்தின் 38ஆம் பிரிவும் அதைத் தொடர்ந்த பிரிவுகளும் அதைச் சொல்கின்றன. ஆனால் ஒலிப்பதிவுக் கருவியோடு வருபவர் அதை எடுத்துச் சொல்வதில்லை. ஒருநாள் கூலியும் ஒரு வேளை உணவும் கொடுத்து, பெயர்கூடக் குறிக்காமல் பதிவு செய்து செல்வது இன்றைய 15 கினி.

எனவே மூன்று செயல்களை முன்வைக்கிறேன். முதலாவது, ஆதிதிராவிடர், பழங்குடியினர் நலப் பள்ளிகளில் இசைக்கென ஆசிரியரும் கருவிகளும் வேண்டும். தரநிலைத் தேர்வுக் கட்டணத்தை அரசு ஏற்க வேண்டும். கர்னல் ஒருவரின் நல்லெண்ணத்துக்காக நம் பிள்ளைகள் காத்திருக்கக் கூடாது. இரண்டாவது, பறையோ பியானோவோ, நம் கலைஞர்கள் பதிவுக்கு ஒப்பும் முன் எழுத்துப்பூர்வமான ஒப்பந்தமும் அதைப் படித்து விளக்க ஒருவரும் இருக்க வேண்டும். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இதைத் தன் பணியாக ஏற்கலாம். மூன்றாவது எளிது, செலவு எதுவும் இல்லை. மாணவர் ஒருவர் வாசிக்கும் இசை யாருடையது என்பதைச் சரியாகச் சொல்ல வேண்டும்.

லண்டனுக்குத் தெற்கே பாண்டன் ஹில் கல்லறையில் கோல்ரிட்ஜ்-டெய்லரின் நினைவுக்கல்லில் 'ஹியாவதா'வின் சில சுரங்கள் பொறிக்கப்பட்டுள்ளன. விற்றுவிட்ட இசையில் அவரிடம் எஞ்சியது அந்தச் சில சுரங்கள். நிகழ்ச்சி முடிந்ததும் அந்த மாணவியிடம் சென்று, நீங்கள் வாசித்ததை அமைத்தவர் கவிஞர் அல்லர், கறுப்பின இசையமைப்பாளர் என்று சொன்னேன். தாளின் ஓரத்தில் அவருடைய பெயரைத் தமிழில் எழுதிக்கொண்டார். பிறகு, அவர் வேறென்ன எழுதியிருக்கிறார் என்று கேட்டார்.